பழைய ரோபோ கை வாங்கலாமா? நெல்லைப் பக்கத்துப் பட்டறைகளுக்கு ஒரு விளக்கம்

2025 பிப்ரவரியில் கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் குழுமத்தின் சூரிய மின்கல ஆலை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்வாகனத் தொழிற்சாலை திறந்தது. இந்த இரண்டுக்கும் பிறகு பேட்டை, தச்சநல்லூர், அம்பாசமுத்திரம் பக்கத்து வெல்டிங் பட்டறைகளிலும் அரிசி ஆலைகளிலும் ரோபோ பேச்சு கூடியிருக்கிறது. புதியது கைக்கு எட்டாது, பழையது எட்டும் என்ற நினைப்பில் பலர் விளம்பரங்களைப் பார்க்கிறார்கள். "புது விலையில் கால்வாசி, ஓடும் நிலையில்" என்று போட்டிருக்கும். அந்தக் கால்வாசியில் எது அடங்கும், எது அடங்காது என்பதில்தான் குழப்பம்.

இந்தக் கைகள் எங்கிருந்து வருகின்றன

கார் ஆலைகளில் ஒரு மாடல் நிறுத்தப்பட்டு அடுத்தது வரும்போது, உடல் தகடுகளை ஒட்டும் வரிசையை மொத்தமாகப் பிரித்து விற்றுவிடுவார்கள். அதில் பெரும்பகுதி ஸ்பாட் வெல்டிங் (தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டுவது) செய்த பெரிய கைகள்; 165 முதல் 210 கிலோ வரை தூக்கக்கூடியவை. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் சந்தைக்கு வருவதால் விலை இறங்கிக் கிடக்கும். ஆர்க் வெல்டிங் (கம்பியை உருக்கிக் கோடாக ஒட்டுவது) செய்யும் 6 கிலோ, 10 கிலோ தூக்கும் சிறிய கைகளை அப்படி யாரும் கழற்றிப் போடுவதில்லை, ஓடும்வரை ஓட்டுவார்கள். வருவது குறைவு, கேட்பவர் அதிகம். அதனால்தான் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய கை, நூற்றைம்பது கிலோ எடையுள்ள சின்னக் கையைவிட மலிவாகக் கிடைக்கிறது.

இதைப் பார்த்து "பெரியதையே வாங்கிச் சின்ன வேலையும் பார்த்துக்கொள்வோம்" என்று இறங்குபவர்கள் உண்டு. அது ஏன் சரிப்படாது என்பது கீழே வரும்.

வாங்குவது ஒரு செட்

ரோபோ என்று நாம் சொல்வது ஐந்து பொருள்களின் சேர்க்கை:

1. கை. ஆறு மூட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்வோ மோட்டார், ஒரு குறைவேக கியர்பாக்ஸ், ஒரு பிரேக். அரிசி மூட்டை அடுக்கும் வகைக்கு நாலு மூட்டு போதும்.
2. கன்ட்ரோலர். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான இரும்பு அலமாரி. மோட்டார்களை ஓட்டும் டிரைவும் கணினியும் இதற்குள்.
3. டீச் பென்டன்ட். கையில் பிடித்துப் பாதை சொல்லிக்கொடுக்கும் திரை. ஒரு தலைமுறைக் கன்ட்ரோலரின் பென்டன்ட் இன்னொரு தலைமுறைக்குப் பொருந்தாது.
4. கைக்கும் அலமாரிக்கும் இடையிலுள்ள கேபிள்கள்.
5. மென்பொருளும் அதிலுள்ள உரிமங்களும்.

இரும்பாலான கை சீக்கிரம் சாவதில்லை. கிரீஸ் நேரத்துக்கு மாற்றியிருந்தால் இருபது ஆண்டு ஓடியும் நன்றாக இருக்கும். வயதாவது அலமாரிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸுக்குத்தான். உதிரி கிடைக்காமல் போவதும் அங்கேதான். அதனால் கையின் பெயிண்டைப் பார்த்து விலை பேசுபவர் தவறான பக்கத்தில் நின்று பேசுகிறார். முதலில் பார்க்க வேண்டியது அலமாரியின் பெயர்ப்பலகை.

ஆனால் அதற்கும் முன்னால் வேலை

எந்த வேலைக்கு என்று முடிவு செய்யாமல் எந்தக் கையும் தேர முடியாது. மூன்று அளவுகள் புரிந்தால் போதும்.

*தூக்கும் எடை.* பேலோடு என்று போட்டிருப்பது கையின் நுனியிலுள்ள மணிக்கட்டுத் தகட்டில் தொங்கும் மொத்த எடை. கிரிப்பர் (பொருளைப் பிடிக்கும் கருவி), அதைப் பிடிக்கும் தகடு, குழாய் எல்லாம் இதில் சேரும். 25 கிலோ அரிசி மூட்டையை அடுக்க 30 கிலோ கை போதும் என்று கணக்குப் போடக் கூடாது. மூட்டையை அடியிலிருந்து விரல்போல் அள்ளும் கிரிப்பரே பல நேரம் மூட்டையைவிடக் கனம். அதோடு எடை மணிக்கட்டிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறதோ அவ்வளவு முறுக்கு ஏறும். எடை வரம்புக்குள் இருந்தும் முறுக்கு வரம்பைத் தாண்டினால், கடைசி மூன்று மூட்டுகளின் கியர்கள் சீக்கிரம் தேயும். இந்த வேலைக்கு ஏபிபி ஐஆர்பி 660, ஃபனுக் எம்-410 போன்ற நாலு மூட்டுக் கைகள் பொருத்தம். இல்லாவிட்டால் மேலே சொன்ன பெரிய ஸ்பாட் வெல்டிங் கை. பெரிய கை உண்மையிலேயே லாபமாக அமையும் இடம் இதுதான்.

*எட்டும் தூரம்.* சிறிய வெல்டிங் கைகளுக்கு 1.4 மீட்டர் போல, பெரியவற்றுக்கு 2.6, 2.7 மீட்டர். எட்டும் கோட்டின் ஓரத்தில் கை முழுதாக நீண்டுவிடும். வெல்டிங் கம்பி வெளிவரும் முனையான டார்ச்சைச் சாய்க்க இடமிருக்காது. டிராக்டர் டிரெய்லர் சட்டம் போன்ற நீளமான பொருளைச் சின்னக் கையால் வெல்ட் செய்ய, பொருளைத் திருப்பிக் கொடுக்கும் பொசிஷனரும் வேண்டும். அது கன்ட்ரோலருக்கு ஏழாவது மோட்டார். அதை ஓட்டும் வசதி அந்த அலமாரியில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும்.

*திரும்பத் திரும்ப அதே இடம்.* கற்றுக்கொடுத்த புள்ளிக்கு மறுபடி எவ்வளவு நெருக்கமாக வருகிறது என்பது ஒரு கணக்கு. ஐஎஸ்ஓ 9283 தரம் இதை அளக்கும் முறையைச் சொல்கிறது. சிறிய கைகளுக்கு ±0.1 மி.மீ. அளவிலும் பெரியவற்றுக்கு ±0.2 மி.மீ. அளவிலும் இருக்கும். கணினியில் வரைந்த ஓர் எண்ணைக் கொடுத்து "அங்கே போ" என்றால் எவ்வளவு சரியாகப் போகிறது என்பது வேறு கணக்கு. அதில் பிழை மில்லிமீட்டர் கணக்கிலேயே வரலாம். பழைய கையை வைத்து மரத்திலோ கல்லிலோ சிற்பம் செதுக்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தவிர, நீட்டிய கைக்கு, கணினி சொல்படி உலோகம் கடையும் சிஎன்சி மெஷினின் விறைப்பு கிடையாது. மரமும் தெர்மோகோலும் செதுக்கும், இரும்பில் ஆழமாகக் கடைய நினைத்தால் அதிரும்.

வெல்டிங் பட்டறைக்கு இன்னொரு கேள்வி உண்டு, கசப்பானது. 1.2 மி.மீ. கம்பியில் வெல்ட் செய்யும்போது இணைப்பு தன் இடத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விலகினாலே வெல்ட் ஒரு பக்கம் ஒதுங்க ஆரம்பிக்கும். மனிதன் இடைவெளியைப் பார்த்துக் கையை அசைத்துச் சரிக்கட்டுவான், ரோபோ சொன்ன கோட்டில் போகும். கட்டிங் மெஷினில் கண்ணளவில் வெட்டிய ஆங்கிளை வைத்துக்கொண்டு ரோபோ வாங்கினால், தப்பான இடத்தில் அழகான வெல்ட் கிடைக்கும். அப்படிப்பட்ட பட்டறை அந்தப் பணத்தை நல்ல ஜிக்கிலும் (பொருளை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் சட்டம்) துல்லியமாக வெட்டுவதிலும் முதலில் போடுவதே மேல் என்பது என் கணிப்பு.

எந்தத் தலைமுறைக் கன்ட்ரோலர்

பழைய சந்தையில் அதிகம் கிடைப்பவை ஃபனுக், யாஸ்காவா, ஏபிபி, கூகா ஆகிய நாலு நிறுவனங்களின் கைகள். ஒவ்வொன்றிலும் கன்ட்ரோலர்கள் தலைமுறை தலைமுறையாக மாறியிருக்கின்றன:

1. ஃபனுக்: 2000களின் தொடக்கத்தில் ஆர்-ஜே3ஐபி, 2007 வாக்கில் ஆர்-30ஐஏ, 2012 வாக்கில் ஆர்-30ஐபி. நெல்லையில் இருந்துகொண்டு வாங்க ஆர்-30ஐஏ குறைந்தபட்சம் என்பேன். ஆர்-ஜே3ஐபி கெட்டித்தனமானதுதான். ஆனால் அதன் போர்டு போனால் இன்னொரு பழைய போர்டைத் தேடித்தான் ஓட வேண்டும்.
2. ஏபிபி: எஸ்4சி வரிசைக்குப் பிறகு 2004இல் ஐஆர்சி5. இது நீண்ட காலம் விற்றதால் உதிரியும் தெரிந்த ஆட்களும் அதிகம். எஸ்4சி மலிவாகக் கிடைக்கும், அந்த மலிவுக்குக் காரணம் உண்டு.
3. கூகா: கேஆர்சி2, பிறகு 2010இல் கேஆர்சி4. கேஆர்சி2-வுக்குள் ஓடுவது கிட்டத்தட்ட சாதாரணக் கணினி, பழைய விண்டோஸ். நிரல் எழுத எளிது. ஹார்டு டிஸ்க் போவது அதன் வழக்கமான நோய். டிஸ்கை முழுதாகப் பிரதி எடுத்து வைத்தால் அது பெரிய நோயில்லை.
4. யாஸ்காவா: 2004 வாக்கில் என்எக்ஸ்100, 2009 வாக்கில் டிஎக்ஸ்100, பிறகு டிஎக்ஸ்200. வெல்டிங் கைகள் தேடுபவர்கள் இவற்றை அடிக்கடி சந்திப்பார்கள்.

நிறுவனப் பெயரைவிட முக்கியமானது, பழுதானால் யார் வருவார் என்பது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒருவர் ரயில் பிடித்து வந்து, இல்லாத உதிரிக்காக மறுபடி போய்வரும் செலவு ஒரு தடவைக்கு எவ்வளவு என்று விசாரித்துப் பாருங்கள். கங்கைகொண்டானிலோ தூத்துக்குடியிலோ அதே நிறுவனத்துக் கைகள் ஓடினால், அந்தப் பராமரிப்பு ஆட்களின் அறிமுகம் ஒரு வாரண்டிக்குச் சமம்.

மென்பொருள் உரிமமும் இங்கேதான் வருகிறது. ஸ்பாட் வெல்டிங் செய்த கையில் ஆர்க் வெல்டிங் மென்பொருள் இருக்காது. வெல்டிங் மெஷினோடு பேசும் கார்டும் இருக்காது. பிறகு சேர்க்கலாம், ஆனால் அந்த ரோபோவின் எண்ணுக்கென்று நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். பெரிய கையை வெல்டிங்குக்குத் திருப்பும் திட்டம் சரிப்படாது என்று மேலே சொன்னதற்கு இது முதல் காரணம். இரண்டாவது, டார்ச் கேபிளைத் தனக்குள் விட்டுக்கொள்ளும் மெலிந்த மணிக்கட்டு அதற்குக் கிடையாது. ஜன்னல் கிரில்லின் மூலைக்குள் நுழையாது.

கையின் பலகையிலும் அலமாரியின் பலகையிலும் உள்ள எண்கள் ஒரே செட்டைச் சேர்ந்தவையா என்று பார்க்க வேண்டும். ஆர்.சி. புத்தகம் ஒரு வண்டிக்கும் இன்ஜின் இன்னொரு வண்டிக்கும் இருப்பதுபோல், உடைந்த செட்டுகளிலிருந்து சேர்த்துக் கட்டியதையும் விற்கிறார்கள். ஓடலாம். ஆனால் நிறுவனத்திடம் உதவி கேட்கும் நாளில் பதில் சொல்ல முடியாது.

போய்ப் பார்க்கும்போது

வீடியோவை நம்பி முன்பணம் கொடுப்பது வேண்டாம். கையைக் கரண்டில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். "கேபிள் இன்னும் வரலை" என்றால், வந்த பிறகு போய்ப் பார்த்தால் போதும்.

1. அலாரம் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய அலாரங்கள் தேதியோடு இருக்கும். ஒரே மூட்டின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நோய் அங்கே.
2. ஓடிய மணிநேரம் பாருங்கள். ஃபனுக், யாஸ்காவா கைகளில் கரண்ட் இருந்த நேரமும் மோட்டார் ஓடிய நேரமும் தனித்தனியே காட்டும், இரண்டாவதுதான் கணக்கு. போர்டு மாற்றியிருந்தால் இந்த எண் புதிதாகத் தொடங்கியிருக்கலாம் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.
3. ஒவ்வொரு மூட்டையும் தனியாக, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, முழு வீச்சுக்கும் ஓட்டிப் பாருங்கள். வேலை நேரத்தில் அது அதிகம் நின்ற கோணத்தில்தான் கியர் தேய்ந்திருக்கும். கரகரப்பு, விட்டுவிட்டு வரும் சத்தம் இரண்டும் ஆகாது.
4. நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் டயல் கேஜ் கொண்டு போங்கள். கை நிற்கும்போது மணிக்கட்டில் கேஜை வைத்து இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள். விட்டதும் முள் பழைய இடத்துக்கு வராமல் தளர்ந்து நின்றால் கியரில் ஆட்டம் இருக்கிறது. இந்த கியர்பாக்ஸ்கள் பெரும்பாலும் நப்டெஸ்கோ, ஹார்மோனிக் டிரைவ் நிறுவனங்கள் செய்பவை. விலை அதிகம், லேத் பட்டறையில் சரிசெய்ய முடியாதவை. ஒரு பெரிய மூட்டின் கியர்பாக்ஸை மாற்ற நேர்ந்தால் மலிவாக வாங்கிய லாபம் அங்கேயே போய்விடும்.
5. கிரீஸ் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் தாளில் தடவிப் பாருங்கள். கறுத்திருப்பது இயல்பு. வெளிச்சத்தில் மினுமினுத்தால், காந்தத்துக்கு ஒட்டினால் இரும்புத் தூள். ஃபனுக் ஆர்-2000ஐபி போன்ற கைகளுக்கு மூன்று ஆண்டு அல்லது 11,520 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்; மாற்றிய பதிவேடு இருந்தால் கேட்டு வாங்குங்கள்.
6. இரண்டாம், மூன்றாம் மூட்டுகளை எடையோடு நீட்டி நிறுத்தி, மோட்டாரை அணைத்துப் பாருங்கள். கை சரிந்து இறங்கினால் பிரேக் தேய்ந்திருக்கிறது. அப்போது கீழே யாரும் நிற்கக் கூடாது.
7. பெரிய கைகளில் இரண்டாம் மூட்டை ஒட்டி ஓர் உருளை இருக்கும்; உள்ளே அழுத்திய ஸ்பிரிங்கோ வாயுவோ. அதில் எண்ணெய்க் கசிவு, விரிசல் பாருங்கள். கழற்ற முயலவே கூடாது, ஆளைக் கொல்லும்.
8. பென்டன்டின் பின்னாலிருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் மூன்று நிலை கொண்டது: விட்டாலும் நிற்க வேண்டும், பயத்தில் இறுக்கி அழுத்தினாலும் நிற்க வேண்டும். இரண்டையும் சோதியுங்கள். கம்பி போட்டு இணைத்து ஏமாற்றி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

புதுப் பெயிண்ட் அடித்த கை என்றால் கசிவுத் தடம் மறைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, சீல்களை இன்னும் நெருங்கிப் பாருங்கள்.

"பேட்டரி போச்சு" என்றால்

பழைய கைகளில் அடிக்கடி கேட்கும் சொல் இது; பயப்படுபவர்களும் அதிகம், ஏமாறுபவர்களும் அதிகம். ஃபனுக் போன்ற கைகளில் ஒவ்வொரு மோட்டாரும் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை அதிலுள்ள என்கோடர் என்ற உணரி நினைவில் வைக்கிறது. கரண்ட் இல்லாதபோது அந்த நினைவைக் காப்பது கையின் அடிப்பாகத்தில் இருக்கும் பேட்டரிகள். கிடங்கில் இரண்டு மூன்று ஆண்டு கிடந்தால் அவை தீர்ந்து, கை தன் பூஜ்ஜிய நிலையை, அதாவது மூட்டுக் கோணங்களை எண்ணத் தொடங்கும் இடத்தை, மறந்துவிடும்.

கை கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. மூட்டுகளில் உள்ள குறிகளை ஒன்றுக்கொன்று சேர்த்து மறுபடி பூஜ்ஜியம் சொல்லிக்கொடுக்கலாம். துல்லியமாகச் செய்ய அதற்கென்ற கருவிகள் உண்டு. கண்ணால் சேர்த்த பூஜ்ஜியத்தோடு மூட்டை அடுக்கலாம். வெல்டிங்கில் நேர்கோடு வளையும், டார்ச்சைத் திருப்பினால் முனை நகரும். எனவே பேட்டரி போன கைக்கு விலை குறைத்துக் கேட்பது நியாயம், வேண்டாம் என்று திரும்புவது அவசியமில்லை. கன்ட்ரோலருக்குள் இருக்கும் இன்னொரு பேட்டரி தீர்ந்து, நினைவகமும் போய், பேக்கப்பும் இல்லை என்றால் அது வேறு கதை. அப்போது திரும்பிவிடலாம்.

நெல்லைக் கரண்டும் வெயிலும்

ஜப்பானுக்கென்று செய்த கைகள் பெரும்பாலும் 200 வோல்ட் மூன்று பேஸில் ஓடுபவை. நம் இ.பி. தருவது 415 வோல்ட். பெரிய கைக்கு 10 முதல் 15 கேவிஏ டிரான்ஸ்பார்மர் தனியே வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்தவை 400 வோல்ட் என்பதால் இந்தச் செலவு பெரும்பாலும் இல்லை. ஸ்டெபிலைசரும் ஒழுங்கான எர்த்தும் இரண்டுக்கும் தேவை. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் போன டிரைவ் போர்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இந்த அலமாரிகள் பொதுவாக 45 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் மதியம் என்ன சூடு என்று தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அலமாரிக்கு ஏசி பொருத்துவதோ தனி அறை கட்டுவதோ ஆடம்பரமில்லை. அரிசி ஆலையில் உமித்தூசியும் பட்டறையில் கிரைண்டிங் தூளும் ஃபேன் வடிகட்டியை அடைக்கும்; இரும்புத் தூள் உள்ளே போனால் ஷார்ட் ஆகும்.

ஒரு டன் கை வேகமாகத் திரும்பி நிற்கும்போது அடித்தளத்தை உலுக்கும். சாதாரண சிமென்ட் தரை போதாது, கம்பி கட்டிய கான்கிரீட்டும் தடித்த இரும்புத் தகடும் வேண்டும்.

மொத்தச் செலவு

ரோபோ பொருத்தித் தருபவர்களிடம் ஒரு வாய்க்கணக்கு உண்டு: கை ஒரு பங்கு என்றால் மற்றதெல்லாம் சேர்த்து இரண்டு பங்கு. கிரிப்பர் அல்லது டார்ச், ஜிக், வேலி, டிரான்ஸ்பார்மர், ஹைட்ரா கிரேன் வாடகை, நிரல் எழுதும் கூலி எல்லாம் அந்த இரண்டில். பழைய கையில் குறைவது முதல் பங்கு மட்டுமே. எஸ்டன், இனோவான்ஸ் போன்ற சீன நிறுவனங்களின் புதிய சிறிய கைகள் வாரண்டியோடு வருவதால், சின்ன வெல்டிங் கை தேடுபவர்கள் அந்த விலையையும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. பெரிய கை என்றால் பழையதுக்கே பலம்.

மாநில அரசின் மூலதன மானியம் பொதுவாகப் புதிய இயந்திரத்துக்குத்தான். பழையதைக் கணக்கில் காட்டலாம் என்று யாராவது சொன்னால், மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்கினால் வரிக் கழிவும் கிடைக்காது, வங்கியும் கடன் தராது. தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்தில்தானே இருக்கிறது, நாமே இறக்குமதி செய்யலாமே என்ற யோசனையும் எழும். பழைய இயந்திரத்துக்கு அதன் மதிப்பையும் மீதி ஆயுளையும் சொல்லும் பட்டயப் பொறியாளர் சான்று கேட்பார்கள், தாமதமானால் கன்டெய்னருக்கு நாள் வாடகை ஏறும். ஒரே ஒரு கைக்கு இந்தப் பாடு தேவையில்லை, ஏற்கெனவே இறக்குமதி செய்து வைத்திருப்பவரிடம் வாங்குவதே போதும்.

வேலியை மட்டும் செலவுப் பட்டியலிலிருந்து வெட்டக் கூடாது. கதவைத் திறந்தால் ரோபோ நிற்க வேண்டும், அவசர பொத்தான் கைக்கெட்ட வேண்டும். கற்றுக்கொடுக்கும்போது வேகம் நொடிக்கு 250 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது என்பது ஐஎஸ்ஓ 10218 தரத்தின் விதி. பென்டன்டைப் பிடிக்கப் போகும் ஆளுக்குப் பயிற்சியும் இதில் சேரும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து தரம் உயர்த்தப்பட்டு, அங்கே தொழிற்துறை ரோபோ படிப்பும் வந்திருக்கிறது. பேட்டை ஐ.டி.ஐ.யில் விசாரித்துவிட்டு ஆள் தேடலாம்.

பணம் கொடுக்கும் முறை

பேசும்போதே நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்:

1. கை, கன்ட்ரோலர், பென்டன்ட், கேபிள் எல்லாவற்றின் எண்களும் பில்லில் இருக்க வேண்டும்.
2. முழு பேக்கப், உரிமப் பட்டியல், பழைய உரிமையாளர் கடவுச்சொல் வைத்திருந்தால் அதுவும்.
3. ஏற்றுவதற்கு முன் கேபிளின் இரு முனைகளிலும் அடையாளம் கட்டி, கையை மடக்கிய நிலையில் பூட்டி அனுப்புவது விற்பவர் பொறுப்பு.
4. பணத்தில் ஒரு நல்ல பகுதி, உங்கள் பட்டறையில், உங்கள் இ.பி. கரண்டில், உங்கள் கிரிப்பரைச் சுமந்து ஒரு ஷிப்ட் முழுக்க ஓடிய பிறகே.

நாலாவதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம், பழைய இரும்பு விலைக்கு மேல் ஒரு ரூபாயும் பேச வேண்டியதில்லை. வந்து இறங்கிய அன்றே இன்னொரு பேக்கப் எடுத்து வையுங்கள். கையின் பேட்டரிகளைப் புதிதாக மாற்றி, தேதியை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதுங்கள். ஃபனுக் கைகளில் இந்த பேட்டரியை மாற்றும்போது கன்ட்ரோலரில் கரண்ட் இருக்க வேண்டும், அவசர பொத்தான் அழுத்தியிருக்க வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் பூஜ்ஜிய நிலை அப்போதே போய்விடும்.